சுவரில் முட்டி நின்றபோது

மொட்டை மாடியில் வெயில் பளீரென்று அடிக்கிறது. அவள் வரைந்த ஆளுயர ஓவியத்தைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடித்தபடி நிற்கிறான் கணவன். நவீனக் கலை மையத்துக்கு விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள்; முழு ஓவியமும் ஒரே புகைப்படத்தில் அடங்க வேண்டுமாம். அவள் போனுடன் பின்னால் நகர்ந்து நகர்ந்து கைப்பிடிச் சுவரில் முட்டிக்கொள்கிறாள். "ஐயோ, ஓவியத்துக்குக் கால் முளைச்சிருக்கு! காலை மறைங்க!" "பின்ன, அந்தரத்துலயா நிப்பேன்?" ஓடிவந்து, கொடியில் காயும் போர்வையை உருவி அவன் பாதங்களை மூடிவிட்டு மறுபடி ஓடுகிறாள். காற்றில் ஓவியக் கித்தான் அதிர்கிறது. கிளிக். படத்தை விண்ணப்பத்தோடு சேர்த்து, 'அனுப்பு' என்பதை அழுத்துகிறாள். "போயிடுச்சு! போய்ச் சேந்துடுச்சு!" என்று துள்ளுகிறாள். "அப்ப இறக்கட்டுமா? கை கடுக்குது." போனைத் தாழ்த்தி நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிடுகிறாள். "இருங்க, இருங்க. அந்த இத்தனூண்டு ரூம்ல மூக்கு உரச உரச வரைஞ்சது. இப்பதான் நானே முழுசா பாக்கறேன்."