கல்லுண்டாய் வெளியில் ஒரு தாச்சி

மூன்றாவது வெடியும் எட்டவில்லை.

தொலைநோக்கியில் கண் வைத்திருந்த மியூரியல், பாதி வழியில் உப்புப் புழுதி எழும்பி அடங்குவதைப் பார்த்தாள். அதற்கப்பால், அரை மைல் தள்ளி, பனங்கம்பத்தில் கட்டித் தொங்கவிட்ட அவளுடைய சமையலறை இரும்புத் தாச்சி, பொரிக்கிற சட்டி, அசையாமல் தொங்கியது. அவள் தலையை ஆட்டி இல்லை என்றாள்.

"பாத்தீரே? எட்டேல்லை. எட்டவே எட்டாது," என்றார் அவள் கணவர் ஏர்னெஸ்ட். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

அந்தக் கம்பம் நின்ற இடத்தில்தான், போன மாதம் ஆடு மேய்க்க வந்த முருகேசு விழுந்து செத்தான்.

நெஞ்சில் சின்னதாய் ஒரு துளை, முதுகில் பெரிதாய் ஒன்று. அன்று காலை ஏர்னெஸ்ட், இப்போதுபோலவே, இதே இடத்தில் படுத்து, கிட்டத்தில் நட்ட பலகைக்குக் குறி வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். விசாரணைக்கு வந்த வெள்ளைக்காரத் துரை துவக்கைப் புரட்டிப் பார்த்தார். இந்தக் கிழட்டுத் துவக்கு அந்தத் தூரம் எட்டாது, யாரோ கள்ள வேட்டைக்காரனின் வேலை என்று எழுதிவிட்டுப் போனார்.

சட்டம் விட்டுவிட்டது. ஏர்னெஸ்ட் தன்னை விடவில்லை.

மலாயா ரயில்வேயில் இருந்து பென்சனோடு அவர் கொண்டுவந்த அமெரிக்கத் துவக்கு அது. கீழே உள்ள வளையத்தை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். அதைத் துடைக்கும்போதெல்லாம் ஞானப்பாட்டு முணுமுணுத்த மனுசர், இப்போது சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்பிப் போகத் தொடங்கினார்.

முந்தாநாள் அவரே வழி சொன்னார். அந்த இடத்தில் ஒரு தாச்சியைக் கட்டுவது. ஐந்து தோட்டா சுடுவது. ஒன்றாவது பட்டால் முருகேசின் மனைவியிடம் போய்ச் சொல்லிவிட்டு, அப்படியே பொலிசுக்குப் போவது. படாவிட்டால் சாப்பிடுவது.

அவர் தோட்டாக்கள் கடையில் வாங்குபவை அல்ல. சுட்டு விழுந்த வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வந்து, வெடிமருந்து அளந்து போட்டு, ஈயக் குண்டு வார்த்து அடைக்க வேண்டும். ஏர்னெஸ்டுக்குக் கை நடுக்கம். அதனால் மருந்து அளப்பது எப்போதும் மியூரியல்தான். தட்டானிடம் வாங்கிய சின்னத் தராசில், கேக்குக்கு மா நிறுப்பதைவிடக் கவனமாக நிறுப்பாள்.

அதற்கான நாளையும் அவரே தெரிந்தெடுத்தார். இன்று முருகேசின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. சனமெல்லாம் விடியவே வண்டில் கட்டிக் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போய்விடும், வெளியில் குருவிகூட இராது என்பது அவர் கணக்கு. அந்தியேட்டி முடியும் மட்டும் செத்தவர் விழுந்த இடத்தை விட்டுப் போகமாட்டார் என்று நவாலிச் சைவக்காரர் சொல்வார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இந்த இருவருக்கும் அது காதில் ஏறவில்லை. ஏறியிருந்தால் ஒரு நாள் பொறுத்திருப்பார்கள்.

நாலாவது வெடி. புழுதி பாதி வழியிலேயே.

வெளி முழுக்கக் கானல் ஓடியது. தாச்சிக் கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பம் நிற்பது போலிருந்தது மியூரியலுக்கு. கானலின் சேட்டை, வேறென்ன. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

தாச்சிக் கம்பம் கானலில் புழுவாய் நெளிந்தது. மற்றது நெளியவில்லை.

போதும், வீட்டுக்குப் போவோம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் கடைசித் தோட்டாவை ஏற்றிவிட்டார்.

வெடித்தது. அதே பாதி வழியில் உப்புப் புழுதி எழும்பியது. அப்பாடா என்று அவள் மூச்சு விட்டாள்.

புழுதி அடங்கிய பிறகு, நெளியாமல் நின்ற அந்தக் கம்பம் மெல்லத் தாச்சிப் பக்கம் சாய்ந்தது.

தாச்சி ஆடியது. அதன் பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது.

டங்.

சாவீட்டில் தட்டும் வெண்கலச் சேமக்கலம் போல அது வெளியைத் தாண்டி வந்தது. அவள் மறுபடி பார்த்தபோது தாச்சியின் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

ஏர்னெஸ்ட் எழும்பினார். முழங்காலில் ஒட்டிய உப்பைத் தட்டவில்லை. துவக்கை நிலத்தில் கிடத்திவிட்டு, அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எட்டிப்போட்டுது, மியூரியல். நான்தான். முருகேசின்ரை சனம் கீரிமலையாலை வரமட்டும் அவையின்ரை வாசல் படலையிலை போய் நிக்கிறன்."

அவளுடைய ஒரு சொல் போதும், அவரை மறித்துவிடலாம். அந்த ஐந்து தோட்டாவிலும் மருந்து பாதிதான். மிச்சம் வறுத்த அரிசிக் குறுணல். அவற்றில் ஒன்றுகூட அங்கே போய்ச் சேரவில்லை, சேரவும் முடியாது.

சொன்னால், ஏன் பாதி போட்டீர் என்று கேட்பார்.

அன்று காலையும் இதே தொலைநோக்கியில் கண் வைத்திருந்தவள் அவள்தான். பலகைக்கு மேலால் போன ஒரு வெடிக்கு, தூரத்தில் முருகேசு நெஞ்சைப் பொத்திக்கொண்டு குந்தியதையும், பிறகு சரிந்ததையும் கண்டவள். துரை கேட்டபோது, பலகையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொன்னவள்.

அவர் நடக்கத் தொடங்கியிருந்தார்.

"நில்லுங்கோ," என்றாள் மியூரியல். "நானும் வாறன்."