பாதி ஆட்டம்

அமெரிக்காவின் வடகோடியில் உள்ள டுலூத் நகரில் நண்பகலிலும் பனி வெளிச்சம் சாம்பலாகவே இருக்கிறது. வாசலில் மகள் கிரேட்டாவின் கார் சூடேறிக்கொண்டு நிற்கிறது. உள்ளே, இறந்துபோன கணவரின் கணினி முன்னால் லோர்னா மேலங்கியோடும் பூட்ஸோடும் உட்கார்ந்திருக்கிறாள். அவர் பாதியில் விட்ட சீட்டாட்டம் திரையில் விரிந்து கிடக்கிறது. மவுஸுக்கு அடியில் அவருடைய பழைய கைக்கடிகாரம்; தினமும் சாவி கொடுத்தால் அதன் விநாடி முள் நகரும், முள் நகர்ந்தால் மவுஸ்தான் அசைகிறது என்று கணினி ஏமாந்து திரையைப் பூட்டாது. “ஆஃப் பண்ணிட்டு வாம்மா, என் வீட்டுக்குப் போலாம்,” என்கிறாள் பக்கத்தில் நிற்கும் கிரேட்டா. “பாஸ்வேர்டு உங்கப்பாவோட போச்சுடி. அணைச்சா அவ்வளவுதான்.” “சீட்டுக்கட்டுக்குக் காவலா?” “அடுத்து எதை எடுப்பாருன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.” முள் தயங்கி நிற்கிறது. கிரேட்டா அவசரமாகக் கையுறையைக் கழற்றி, மவுஸைத் தூக்கி, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறாள். வாசலில் கார் இரைந்துகொண்டே நிற்கிறது.