மார்பில் குத்திய பெயர்

போன மாதம் பயிற்சி ஓட்டத்தில் மயங்கி விழுந்து இறந்த முகுந்தனின் எண் அட்டையைத் தன் பனியனில் குத்திக்கொண்டு மாரத்தான் ஓடினான் நண்பன் அறவாழி. நான்கு மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது முகுந்தனின் ஆசை. மேடுபள்ளமில்லாத கடற்கரைச் சாலை. புழுக்கத்தில் வியர்வை காயாமல் வழிந்து ஷூவுக்குள் தேங்கியது. சாலையோரம் நின்றவர்கள் அட்டையிலிருந்த பெயரைப் படித்துக் கத்தினார்கள்: “விடாதீங்க முகுந்தன் அண்ணா!” முதலில் அவனுக்குக் கூசியது. இருபதாவது கிலோமீட்டரில் கையசைத்தான். முப்பதில், அந்தப் பெயர் காதில் விழுந்ததுமே கால்கள் தாமாக வேகமெடுத்தன. நாற்பதைத் தாண்டியதும், முதுகுக்குப் பின்னால், ஒரு மாதமாகக் கேட்காத பழகிய குரல் ஒன்று மூச்சிரைக்கச் சொன்னது: “டேய் அறவாழி, போதும்டா. நின்னுடுடா.” வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, அவன் இன்னும் வேகமாக ஓடினான்.