நிலாவினிக்குத் தலைவலி

"ஏளா, தலைவலின்னா மாத்திரையப் போடு. என் உசுர வாங்காத" என்று மனைவி உமாராணியின்மேல் எரிந்து விழுந்தான் ஜெயகணேஷ்.

மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்தால் அவனுக்குப் போனில் ஒரு விளையாட்டுதான் நிம்மதி. உமாராணி விடாமல் பார்க்கும் சீரியலின் நாயகி நிலாவினியை வைத்து யாரோ ஒரு ரசிகர் செய்த காதல் விளையாட்டு அது. பிரவுசரில் திறந்தால் போதும், நிலாவினி நம்மூர்ப் பேச்சே பேசுவாள். திரையில் மூன்று பதில்கள் வரும். சரியானதைத் தொட்டால் காதல் வளரும்.

"தலை வலிக்கி" என்றாள் நிலாவினி.

'மடியில படு, சுக்கு உரசிப் பத்துப் போடுதேன்' என்ற பதிலைத் தொட்டான். அவள் சிரித்தாள்.

உமாராணி எட்டிப் பார்த்தாள். "பொம்மைக்குச் சுக்குப் பத்து, பொண்டாட்டிக்கு ஏச்சா?"

"அவ ஒன்னய மாதிரி வள்ளுன்னு விழமாட்டா. இதச் செஞ்சவன் பொம்பள மனசு தெரிஞ்சவன்."

"செஞ்சவன் இல்ல, செஞ்சவ."

உமாராணி தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். நிலாவினியின் அடுத்த வசனம் பாதி எழுதியபடி நின்றது.

"மூணு பதில்ல ஒண்ணு எப்பவும் நீங்க எங்கிட்டச் சொல்லுததுதான். அத மட்டும் ஏன் ஒருக்கக்கூடத் தொடல?"