பிள்ளை வீட்டார்

"நாமளா போய் வணக்கம் சொல்லப்படாது, பர்வதம். நாம பிள்ளையாத்துக்காரா!"

ஹவாய் எரிமலைத் தீவைச் சுற்றிக் காட்டும் சின்ன வேனின் படியில் ஒரு காலை வைத்தபடியே மனைவியின் காதில் ஓதினார் கஸ்தூரிரங்கன். உள்ளே முன் ஸீட்டில் இன்னொரு தமிழ்த் தம்பதி விறைப்பாக உட்கார்ந்திருந்தது. எரிமலை பார்க்க அந்த அம்மாள் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். சந்தேகமே இல்லை, அவர்கள்தான்.

"பொண்ணைப் பெத்தவாளுக்கு முன் ஸீட்டு கேக்கறது பாரு!"

"மெதுவா பேசுங்கோ. க்ரிஷுக்கு முப்பத்தாறு முடிஞ்சுடுத்து. இதையும் கெடுத்துடாதேங்கோ."

நியாயமான பயம்தான். வந்த ஜாதகங்களையெல்லாம் 'நோ தேங்க்ஸ்' என்று தள்ளிய பிள்ளை, போன மாதம் தான் வேலை பார்க்கும் மில்பிடாஸிலிருந்து தானாகவே போன் பண்ணினான். "அப்பா, ஐ மெட் சம்ஒன். அவா ரொம்ப ஸ்வீட். அவாளோட அப்பா, அம்மா டெக்சாஸ்லேருந்து வரா. நீங்க நாலு பேரும் ஹவாய்ல ஒரு நாள் டூர் போங்கோ, ஜஸ்ட் கெட் டு நோ ஈச் அதர். சாயங்காலம் நாங்க பீச்சுக்கு வந்துடறோம். அதுவரைக்கும் நோ கொஸ்டின்ஸ்!"

பர்வதம் உருகிவிட்டாள். "வரப்போறவளை 'அவ'ன்னு கூடச் சொல்லலை, 'அவா'ங்கறான். என்ன மரியாதை!"

அன்றைக்கே அவர்கள் குடியிருக்கும் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டில் கஸ்தூரிரங்கனின் கோட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. வேறு ஜாதியா, இருக்கட்டும். ஜாதகம் பார்க்க வேண்டாமா, சரி. கல்யாணத்தில் ஹோமப் புகையே கூடாதா, அதுவும் சரி. கடைசியில் அவரிடம் மிஞ்சியது 'பிள்ளை வீட்டார்' என்கிற கிரீடம் ஒன்றுதான். அது சாயாமல் பார்த்துக்கொண்டே வேனுக்குள் ஏறி, முன் ஸீட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார்.

முன் ஸீட்டுக்காரர் ராமசுப்ரமணியன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் எரிமலையின் வாய்க்குப் போனார்கள். கம்பி வேலியின் இரு முனைகளில் நின்று இரண்டு அப்பாக்களும் புகைந்தார்கள். நடுவில் எரிமலை அடக்கமாகப் புகைந்தது.

அடுத்து, பழைய எரிமலைக் குழம்பு ஓடிக் குடைந்த குகை. வாசலில் ஒவ்வொருவராகத்தான் நுழைய முடியும். 'நீங்க முதல்ல வாங்க' என்று அவர் சொல்வார் என இவர் நின்றார். இவர் சொல்வார் என அவர் நின்றார். கூட வந்த அமெரிக்கர்கள் உள்ளே போய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள். வழிகாட்டி கியோனி, மலை போன்ற மனிதர், இருவரின் தோளிலும் பரிவோடு கை வைத்து, "இருட்டென்றால் பயமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மதியம் கறுத்து இறுகிய பாறைவெளியில் சாப்பாடு. பட்டுப்புடவை வான்மதி ஒரு டப்பாவைத் திறந்தாள். புளியோதரை! கஸ்தூரிரங்கனின் மூக்கு விடைத்தது. அந்த அம்மாளோ நிதானமாகத் தானே சாப்பிட ஆரம்பித்தாள்.

"ஒரு வாய் எடுத்துக்கோங்கோன்னு ஒரு வார்த்தை?" என்று பல்லைக் கடித்தார்.

அதே நேரம் வான்மதி தன் கணவரிடம் சொன்னது காற்றில் வந்தது. "ஒரு தட்டாவது எடுத்துக் குடுப்பாங்கன்னு பாத்தேன். அந்தம்மா பாறையோட பாறையா உக்காந்திருக்கு!"

அதற்கு மேல் எவன் பொறுப்பான்? சாயங்காலம் கறுப்பு மணல் கடற்கரையில் இறங்கியதும் கஸ்தூரிரங்கன் வெடித்தார்.

"சார்! காலம்பரலேருந்து பாக்கறேன். ஒரு வாங்கோ உண்டா, ஒரு வணக்கம் உண்டா? பிள்ளையாத்துக்காராளுக்குப் பண்ற மரியாதையா இது?"

"அதையேதான் சார் நானும் கேக்கறேன்!" ராமசுப்ரமணியனும் காத்திருந்தவர் போலக் கொதித்தார். "பையனைப் பெத்தவன் நான். நீங்க வந்து கும்பிடுவீங்கன்னு காலைல இருந்து முகத்தைப் பெரிய மனுஷன் மாதிரி வச்சிட்டு உக்காந்திருக்கேன். தாடையே வலிக்குது!"

"என்னது, நீங்க பையனைப் பெத்தவரா? அப்போ பொண்ணு?"

"பொண்ணு உங்க பொண்ணுதானே?"

"எனக்கேது ஓய் பொண்ணு? ஒரே பிள்ளை!"

"எங்களுக்கும் ஒரே பையன்தாங்க. முகுந்த்!" என்றாள் வான்மதி.

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடடா, வேன் மாறிவிட்டது!

கஸ்தூரிரங்கனுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கி, சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ராமசுப்ரமணியனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சம்பந்தி இல்லை என்றானதும் இருவருக்கும் எவ்வளவு ஒட்டுதல்! மிச்சப் புளியோதரை பர்வதத்தின் கைக்கு வந்தது.

"நம்ம சம்பந்திங்க எந்த வேன்ல முழிச்சிட்டு இருக்காங்களோ, பாவம்!" என்றார் ராமசுப்ரமணியன்.

"கிடக்கட்டும் ஓய்! பொண்ணைப் பெத்தவா கொஞ்சம் தேடட்டும்!"

"அப்பா!"

க்ரிஷின் குரல். கழுத்தில் பூமாலையோடு மணலில் ஓடி வந்துகொண்டிருந்தான். அவன் கையைக் கோத்தபடி, அதே மாதிரி மாலையோடு, நெட்டையாக ஓர் இளைஞன்.

"டேய், முகுந்த்! நீ எப்படிடா இந்தப் பீச்சுக்கு?" என்றார் ராமசுப்ரமணியன்.

க்ரிஷுக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு. "வாவ், அதுக்குள்ள நாலு பேரும் ஃப்ரெண்ட்ஸ் ஆயாச்சா! அப்பா, நான் சொன்னேனே... இவாதான்."

அலை ஒன்று வந்து எல்லாருடைய காலையும் நனைத்துவிட்டுப் போனது. யாரும் நகரவில்லை.

பர்வதம்தான் முதலில் சுதாரித்தாள். கோத்திருந்த கைகளைப் பார்த்தாள். மகனின் முகத்தைப் பார்த்தாள். இப்படி அவன் சிரித்து எத்தனை வருஷமாயிற்று! புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முகுந்தின் எதிரே போய் நின்று, "வாங்கோ, மாப்பிள்ளை!" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் கஸ்தூரிரங்கன் பெண் வீட்டார் ஆகிப்போனார்.