முன்னால் இருப்பவர்

வெயிலுக்கு ஆட்கள் ஒதுங்கிவிட்டார்கள். சுகாதார நிலைய வாசலில் செருப்புகள்தான் வரிசையில் நின்றன. செல்லக்கிளிக்கு முன்னால் நீல வார் வைத்த ஒரு ஜோடி. "மூச்சு முட்டுது, கேட்டுப் பக்கம் காத்தாட நின்னுட்டு வர்றேன். செருப்பைத் தள்ளிவிட்டுக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவேயில்லை. வரிசை நகரும்போதெல்லாம் அவள் தன் செருப்போடு அதையும் காலால் தள்ளினாள். தோளில் மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. நடுவில் கேட்டருகே ஆம்புலன்ஸ் வந்து யாரையோ ஏற்றிக்கொண்டு போனது. போர்வைக்கு வெளியே இரண்டு வெறுங்கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டாக்டர் கிளம்பப்போறாரு. அடுத்து யாரு?" என்று கதவைப் பிடித்தபடி நர்ஸ் அதட்டினாள். படியில் நீலச் செருப்பு கிடந்தது.

"ஆள் இல்லேன்னா தூக்கிப் போடும்மா" என்றார் பின்னால் இருந்தவர்.

செல்லக்கிளி குனிந்து எடுத்தாள். எறிய மனம் வரவில்லை. தன் செருப்புக்குப் பின்னால், பின்னால் இருந்தவரின் செருப்புக்கு முன்னால் சேர்த்து வைத்தாள்.

"வந்துருவாருண்ணே. கொஞ்சம் தள்ளிவிட்டுக்கிட்டே இருங்க."

அவள் உள்ளே நுழைந்தபோது, முதுகுக்குப் பின்னால் செருப்பைக் காலால் தள்ளும் சத்தம் கேட்டது. முன்னால் தள்ளினாரா, ஓரமாகவா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.