நூற்றுக்கு நூறு

கணினிக் கூடத்தில் விசைகளின் சடசடப்பைத் தவிர வேறு சத்தமில்லை. முதலாண்டுக் கணிதத்தை இந்தப் பருவத்திலிருந்து திரையில்தான் படிக்கிறார்கள். கணக்கைக் கொடுப்பதும் திருத்துவதும் மென்பொருள்தான். கணிதப் பேராசிரியை செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து, கடைசி வரிசையில் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். இந்தத் தாளில் இரண்டு முறை தோற்றவள் இன்று நூற்றுக்கு நூறு. திரையின் பச்சை வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுகிறது. காதில் ஏதாவது மாட்டியிருக்கிறாளா, மடியில் போன் இருக்கிறதா என்று பேராசிரியையின் கண் துழாவுகிறது. ஒன்றுமில்லை. “யாரும்மா போட்டுக் குடுத்தது?” “நானேதான் மேடம்.” ஒரு வெள்ளைத்தாளில் சமன்பாடு எழுதி நீட்டுகிறார். “இத இங்கயே போடு, பாப்போம்.” அவள் உதட்டைக் கடித்தபடி எழுதுகிறாள். பாதியில் பேனா நிற்கிறது; அதானே என்று பேராசிரியை தலையாட்டிக்கொள்கிறார். பேனா மறுபடி நகர்கிறது. விடை சரி. “அப்போ என் கிளாஸ்ல மட்டும் என்ன கேடு உனக்கு?” “நீங்க போர்டுல எழுதி உடனே அழிச்சிடுவீங்க மேடம். இது எனக்குப் புரியிற வரைக்கும் அப்படியே நிக்குது.” பக்கத்து இருக்கைக்காரி தட்டுவதை நிறுத்திவிட்டாள். பேராசிரியை தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, முதல் வரியிலிருந்து தப்பைத் தேடத் தொடங்குகிறார்.